மருந்து ஏறாத மூலை

மாமனாரின் வலது கட்டைவிரலுக்கு, எதிர்க்கடைக்காரர் ஒருமுறை ஒரு முழுக் கிடங்கையே விலையாகச் சொன்னார். தாளைத் தொட்டதும் எடை சொல்லும் விரல் அது. கையோடு ஒட்டியிருந்ததால் வியாபாரம் படியவில்லை.

தன் காகிதக் கிடங்கின் பின்னறையை அவர் மருமகளுக்கு விட்டிருந்தார். அவள் வேதியியல் படித்தவள். செடிநாரை நுண்ணிழைகளாக்கிக் கண்ணாடி போன்ற படலம் செய்வாள். வலுவில் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கு நிற்கும். ஈரம் பட்டால் மட்டும் தொய்ந்துவிடும். நார் தண்ணீரைப் பிடிக்கும் இடங்களில் எல்லாம் கொழுப்பைப் பூட்டிவிடும் மருந்து ஒன்றை அவள் தயாரித்திருந்தாள். ஒரே நிபந்தனை: முக்கும்போது படலம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் மருந்து நாரை மறந்து தண்ணீரோடு உறவு கொண்டாடப் போய்விடும்.

இன்று பிஸ்கட் கம்பெனி அம்மாள் வருகிறார். ஆர்டர் வராவிட்டால் அறையைக் காலி செய்வதாகப் பேச்சு.

காலையில் மருமகள் படலங்களின்மேல் நீல மைத்தண்ணீரைச் சொட்டினாள். மணிமணியாக உருண்டது. வலது மூலையில் மட்டும் ஊறியது, ஒவ்வொரு ஷீட்டிலும், நீள்வட்டமாக.

“மாமா, நேத்து மருந்துல முக்கறதுக்கு முன்னாடி, ஓவன்லேர்ந்து எடுத்து வெச்சதைத் தொட்டீங்களா?”

“எண்ணிப் பார்த்தேன்மா. சரக்குன்னா எண்ண வேண்டாமா?”

“எச்சில் தொட்டா?”

“பின்ன, பன்னீர் தொட்டா எண்ணுவாங்க?” சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்ததும் கத்திரியை எடுத்தார். “மூலையை வெட்டிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

“கீழ வைங்க மாமா. இந்த விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.”

பிஸ்கட் அம்மாள் வந்ததும் மருமகள் சொட்டுக்குழாயை அவர் கையிலேயே கொடுத்தாள். நடுவில் விட்டது உருண்டோடியது. “இப்ப மூலையில விடுங்க.” நீலம் பரவியது.

“என்னம்மா, ஓட்டையை நீயே காட்டிக் கொடுக்கிறே?”

“அங்க மருந்து ஏறலைங்க. ஏறாத இடம் எப்படிக் குடிக்குது, பக்கத்துலயே ஏறின இடம் எப்படி விரட்டுது, பாருங்க. ரெண்டும் ஒரே ஷீட்டு.”

“ஏன் ஏறலை?”

“எங்க மாமா கைராசி.”

மாமனார் கூரையில் ஏதோ வேலை இருப்பதுபோல் அண்ணாந்தார். அம்மாள் சிரித்தார், ஆனால் விடவில்லை. அடுக்கிலிருந்து தானே ஒன்றை உருவி, தண்ணீர் நிறைந்த குவளையின் வாயில் நடுப்பகுதி வரும்படி இழுத்துக் கட்டி, ஒரு தாளின்மேல் கவிழ்த்தார். காபி குடித்து முடித்துப் பார்த்தார். கீழே வைத்த தாள் காய்ந்தே இருந்தது.

“விலை சொல்லுங்க.”

அது மாமனாரின் மைதானம். ஷீட் விலையை அவர் ஏற்றிய ஏற்றில் அம்மாளுக்கே விக்கல் வந்தது. ஆனாலும் ஒரு லாரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“அறை உனக்குத்தான்மா,” என்றார் மாமனார். “வாடகை மட்டும்...”

“இந்த மாச வாடகை என் பற்று. நீங்க எச்சில் பண்ணின ஷீட்டு உங்க பற்று. விலை, இப்ப நீங்களே பேசினது.”

மாமனார் மனக்கணக்கில் புலி. வாய்க்குள் முணுமுணுத்துக் கழித்தார். வாடகை போக, மருமகளுக்கு அவர் தர வேண்டிய பாக்கி: பதினொரு ஷீட்டின் விலை.