சோலைக்கிளி, பதினான்கு

சிவசங்கருக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் நான்கு: காக்கா, கோழி, மயில், கிளி. அதிலும் கோழியைப் பற்றி மட்டும்தான் அவரால் பத்து நிமிடம் தொடர்ந்து பேச முடியும். நெய்வேலியில் சுரங்க மண்ணைக் கொட்டிக் குவித்த மேட்டில் மரம் வளர்க்கும் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு அவர்தான் பல்லுயிர்ப் பிரிவு சூப்பர்வைசர்.

அந்தப் பிரிவில் மீதமிருந்த ஒரே ஆள் வெண்மதி. காலை ஆறு மணிக்கு மேட்டில் ஏறி, கண்ணில் படும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவது அவள் வேலை. மாலையில் வடலூரில் பறவைகள் பற்றிய சான்றிதழ் வகுப்பு. எதிலும் அவளுக்கு முழு நம்பிக்கை வராது. மூன்று முறை பார்த்த பிறகும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவாள். ஒரு நாள் மைனாவுக்கே போட்டுவிட்டு, மைனாவில் என்னடி சந்தேகம் உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாதக் கடைசியோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சிவசங்கர். அந்தப் படிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை அவர் ஒரு பட்டியலை நீட்டினார்.

"எண்ணினவர்னு இருக்கு பாரு, அங்க ஒரு கையெழுத்து போடும்மா. புதன்கிழமை பெரிய ஆபீசருங்க வராங்க."

ஏழாவது வரியில் இப்படி இருந்தது: சோலைக்கிளி, 14. அழியும் நிலையில் உள்ள பாடும் பறவை.

"சார், இதை யாரு பாத்தாங்க?"

"நீதான். உன் நோட்டுல கிளி பதினாலுன்னு இருக்கு, பக்கத்துல கேள்விக்குறி. என்ன கிளின்னு உனக்கே தெரியல. நெட்டுல தேடினேன். நம்ம மேட்டுக்கு என்ன பேரு? பசுஞ்சோலை. சோலையில இருக்குற கிளி சோலைக்கிளி. இதுக்குப் போயி காலேஜ் படிக்கணுமா?"

"சோலைக்கிளிங்கறது கிளியே இல்லைங்க சார். மலையாளத்துல சின்னப் பறவைக்கெல்லாம் கிளின்னுதான் சொல்வாங்களாம்."

"இது கேரளா இல்லம்மா, நெய்வேலி."

அவள் வகுப்பில் படம் பார்த்திருந்தாள். கருநீல உடம்பு, வெள்ளை வயிறு. பழனி மலையின் உயரத்தில், குளிர்ந்த சோலைக்காட்டின் இருட்டில், தரையோடு தரையாகத் திரியும் சின்னப் பறவை. நெய்வேலியில் குளிர் என்றால் ஆபீசர் அறை ஏ.சி.தான். மலை என்றால் இவர்கள் கொட்டிய மண்தான்.

"அழியும் நிலைன்னா என்ன மதிப்பு தெரியுமா?" என்றார் சிவசங்கர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. "அடுத்த மூணு வருஷமும் வேலை நமக்குத்தான். உனக்கும் சேத்துதான் சொல்றேன். யோசிச்சு நாளைக்குப் போடு."

கீழே வாசலில் கம்மாபுரத்துப் பெயின்டர் ராஜாங்கம் சோலைக்கிளி படம் போட்ட புதுப் பலகை எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வர?"

"அண்ணே, இந்தப் பறவை பச்சை இல்லைண்ணே. முதுகு நீலம், வயிறு வெள்ளை."

"சாரு பச்சைன்னாரு. டப்பாவும் ஒடைச்சிட்டேன்." பிரஷ்ஷால் காதோரம் சொறிந்துகொண்டார். "வெள்ளை கொஞ்சம் கிடக்குது. பாக்கலாம் வுடு."

அன்று வகுப்பில் அந்தப் பறவையின் குரல் பதிவை மூன்று முறை கேட்டாள். நான்காவது முறையும் கேட்டாள். பஸ்ஸில் டைரியை விரித்து, ஒருவேளை நான்தான் தவறோ என்று எழுதத் தொடங்கி நிறுத்தினாள். மேட்டில் பார்த்த பதினான்கும் பச்சை. பதினான்குக்கும் சிவப்பு மூக்கு. கழுத்தறுத்த மாதிரி கத்தின. இதில் கேள்விக்குறி போட்டது அடக்கம் இல்லை, பயம். அந்தப் பயத்தின்மேல்தான் சிவசங்கர் கால் ஊன்றி நிற்கிறார். அவரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பு அதிகமாக வந்தது.

மறுநாள் ஏழாவது வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள். மேலே 'சோலைக்கிளி, 0. பச்சைக்கிளி, 14' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சிவசங்கர் பார்த்தார். "பூஜ்யத்துக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

"எண்ணினது நான்தானுங்க சார்."

"சரி, பக்கத்துல ஒரு கேள்விக்குறியாவது போடேன். நீ எப்பவும் போடுறதுதானே?" குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

"இதுல சந்தேகம் இல்லைங்க."

அவர் புதுப்பிக்கும் படிவத்தை நான்காகக் கிழித்தார். பட்டியலை மறுபடி டைப் செய்யச் சொல்லி, எண்ணினவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டுக்கொண்டார். நான்கு பறவை தெரிந்தவர் ஐந்தாவதைக் கண்டுபிடித்துவிட்டார்.

புதன்கிழமை ஆபீசர்கள் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராஜாங்கம் இரண்டு பேர் மனமும் நோகாமல் எழுதியிருந்தார்: பச்சை முதுகு, சிவப்பு மூக்கு, வெள்ளை வயிறு. அப்படி ஒன்று பழனியிலும் கிடையாது, நெய்வேலியிலும் கிடையாது.

"இது பாடுமா?" என்று ஓர் ஆபீசர் கேட்டார்.

"காலையில வந்தா நல்லாப் பாடும் சார்," என்றார் சிவசங்கர்.

தலைக்கு மேலே கிளிக்கூட்டம் ஒன்று காது கிழியக் கத்திக்கொண்டு போனது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாதக் கடைசிவரை சம்பளம் உண்டு என்பதால் தண்ணீர் பாட்டில் தட்டோடு ஓரமாக நின்ற வெண்மதி மட்டும் நிமிர்ந்து கிளிகளை எண்ணினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினாள்: பச்சைக்கிளி, 15.