பூஜையில் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜையன்று பீர்க்கன்கரணையில் தமிழினி ஒரு பிடி பொரியை வாயில் போட்டிருக்கமாட்டாள், ஹர்ஷாவிடமிருந்து போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டாகக் கட்டிய முதல் ஆப் அன்றுதான் வேலையைத் தொடங்கியிருந்தது. கேளம்பாக்கம் டயாலிசிஸ் சென்டரில் எந்த நோயாளிக்கு எப்போது மெஷின் என்று காட்டுகிற ஆப். பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க ஹர்ஷா காலையிலேயே அங்கே போயிருந்தான்.

“தமிழ், சொதப்பிட்டேன். எல்லார் பேருக்கும் நேரம் தப்பா காட்டுது.”

அதற்குள் நர்ஸ் தனம் போனைப் பிடுங்கிக்கொண்டார். “இன்னாம்மா ஆப்பு இது? ஒரே பேஜாரா கீது! லீவுக்காக டாக்டரு எல்லாரு டைமையும் மாத்தி இதுலதான் போட்டு வெச்சாரு. அவரு இப்ப பிளைட்ல கீறாரு. கோவளத்துலேர்ந்து குமரேசன்னு ஒருத்தரு வந்தாரு. நாளைக்குன்னு காட்டுச்சா, நான் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன். அவரு ரெண்டு நாளா பண்ணிக்கல, காலு வீங்கிக்கினு கீது. மெஷினு யாருக்குன்னு தெரியாம திருப்பிக் கூப்ட முடியாது. அவருக்கு இன்னிக்கா நாளைக்கா, அத்த மட்டும் சொல்லு!”

தமிழினி தன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். திரையில் இருந்தவை சோதனைக்காக அவர்களே போட்டு வைத்த நேரங்கள். கற்பனைப் பெயர்களுக்குப் பதில் உண்மையான நோயாளிகளின் பெயர்களையே போடலாம், பார்க்க நன்றாயிருக்கும் என்று சொன்ன மகராசியும் அவள்தான்.

எழுதிய நிரலையெல்லாம் ஒன்றாகத் திரட்டி இணையத்தில் ஏற்றத் தயார் செய்வதற்குத்தான் பில்ட் என்று பெயர். ஹர்ஷா அதை அவசரத்தில், சோதனை நேரங்களைக் காட்டும் செட்டிங்ஸோடு செய்து ஏற்றியிருந்தான். சரியான செட்டிங்ஸை வைத்து மறுபடி பில்ட் செய்தால் டாக்டர் போட்ட நேரங்கள் வந்துவிடும். ஆனால் அந்த செட்டிங்ஸ் ஹர்ஷாவின் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

எந்தக் கருவியில் முகப்பை எழுதுவது, எந்த டேட்டாபேஸ் என்று இந்த இரண்டு பேரும் கல்யாணப் புடவை எடுக்கிற மாதிரி மாதக்கணக்கில் அலசினார்கள். குடுமிப்பிடி சண்டை வேறு. பில்ட் எங்கே நடக்கும் என்ற பேச்சு வந்தபோது மட்டும், “கிளவுட்ல வைக்கலாம், எங்கேர்ந்தும் ரெண்டு பேரும் பண்ணலாம்” என்றாள் இவள். “என் லேப்டாப்ல ஓடுதில்ல, விடு” என்றான் அவன். இவளும் விட்டுவிட்டாள்.

“லேப்டாப்பைத் திற, ஹர்ஷா!”

“எடுத்துட்டு வரல. அம்மா பூஜைல வெச்சுட்டா.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பூசணிக்காய்ச் சிதறல். சந்தனம் அப்பிய ஆட்டோக்கள் நிதானமாக ஊர்ந்தன. வீங்கின காலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு முகம் தெரியாத மனிதரே அவள் கண்ணில் நின்றார். கடவுளே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மேற்குத் தாம்பரம் வீட்டில், பூட்டும் சாவியுமாக வாசற்படியில் நின்ற ஹர்ஷாவின் அம்மா அபிதகுஜாம்பாள் அவளை உள்ளே அழைத்துப்போனார். கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள். அவற்றின் உச்சியில் குங்குமப் பொட்டோடு, செவ்வந்திப் பூவோடு, லேப்டாப்.

“மாமி, அது இப்பவே வேணும்.”

“நன்னாருக்கு! பூஜைல வெச்சதை நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான் தொடணும். ஹர்ஷா சொல்லலையா?”

தமிழினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “மாமி, ஒருத்தர் உயிர் விஷயம். நாங்க பண்ணின தப்பால டயாலிசிஸ் கிடைக்காம திரும்பிப் போயிட்டார். இதை மாத்தினாத்தான் அவர் முறை இன்னைக்கான்னே தெரியும்.”

மாமி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எடுக்கப்படாதுன்னுதானே சாஸ்திரம்? எடுக்காதே. அங்கேயே உக்காந்து பண்ணு.” பூவை அவரே ஒதுக்கினார்.

தமிழினி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கடவுச்சொல்லை ஹர்ஷா போனிலேயே சொன்னான். செட்டிங்ஸை மாற்றி பில்டைத் தட்டினாள். வரிகள் ஓடின, ஓடின, சட்டென்று சிவப்பாக நின்றன. லேப்டாப்பில் இடமே இல்லையாம்! பாவிப்பயல் கிரிக்கெட் வீடியோவாகச் சேர்த்து வைத்திருந்தான். கேட்காமல் கொள்ளாமல் அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மாமி பக்கத்தில் நின்று ஏதோ சுலோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பில்ட் முடிந்து ஆப் ஏறியது.

“வந்துடுச்சு!” தனத்தின் குரல் போனில் அலறியது. “குமரேசனுக்கு இன்னிக்குத்தாம்மா! இதோ, அவரு புள்ளைக்குப் போன் போடறேன்.”

அதற்கப்புறம் காத்திருப்பதுதான் மிச்சம். மாமி காபி கொண்டு வந்து வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போனது. மறுபடி போன் அடித்தபோது தமிழினிக்கு எடுக்கவே பயமாக இருந்தது.

“வந்துட்டார்” என்றான் ஹர்ஷா. “பையன் பைக்ல கூட்டிட்டு வந்தான். மூச்சு ரொம்ப வாங்குச்சு. மெஷின்ல போட்டாச்சு, இனிமே பயமில்லன்னு சிஸ்டர் சொல்றாங்க.”

தமிழினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமி முதுகைத் தடவிக்கொடுத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது தெரியாமல் ஹர்ஷா உற்சாகமாகத் தொடர்ந்தான்.

“நல்லவேளை, எல்லாம் என் லேப்டாப்ல இருந்துது. பார்த்தியா தமிழ், நீ பயந்தியே, இந்த செட்டப்பே போதும்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமி போன் பக்கம் குனிந்தார்.

“டேய் ஹர்ஷா, இவ வந்தப்ப நான் கோயிலுக்குக் கிளம்பி, பூட்டும் சாவியுமா வாசப்படியில நின்னுண்டிருந்தேன். கதவைப் பூட்டிண்டு போயிருந்தேன்னா?”

“கிளவுட்லயே வெச்சுடு, தமிழ்” என்றான் ஹர்ஷா. தமிழினி ஏற்கெனவே அந்த செட்டிங்ஸைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியிருந்தாள்.