பதினெட்டுக் கிலோமீட்டரும் ஒன்பது தேத்தண்ணியும்

திரேசம்மா ஸ்பெயினுக்குப் போகலாமா கூடாதா என்பதை உதயன் சொல்ல வேண்டும். நிரஞ்சலா அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

நிரஞ்சலா திரேசம்மாவின் இளைய மகள். ஸ்பெயினில் லூகோ என்ற ஊரில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். வாரம் இரண்டு தடவை அவளிடமிருந்து குரல் செய்தி வரும். அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைகளைப் பூட்டிவிட்டு ஐந்துக்குத்தான் திறப்பார்களாம். இரவுச் சாப்பாடு பத்து மணிக்காம். சந்தையில் எட்டுக்கால் பேய்க்கணவாயை அவித்து, மரத்தட்டில் வெட்டிப் போட்டு, மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார்களாம். வலையில் பேய்க்கணவாய் விழுந்தால் திரும்பவும் தண்ணீருக்குள் எறிந்துவிடுகிற மட்டக்களப்புக் குடும்பத்தில் பிறந்த திரேசம்மா, இந்தச் செய்தியை மட்டும் மூன்று தரம் போட்டுக் கேட்டார். "காசு குடுத்துத் தின்னுறாங்களாம்" என்று கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் தெரிந்த எல்லாருக்கும் சொன்னார்.

லூகோவுக்குப் பக்கத்தில் ஒரு நடைபாதை தொடங்குகிறது. ஆறு நாள் நடந்தால் இயேசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை இருக்கிற கோயில் வரும். ஆகஸ்ட் விடுமுறையில் மகளோடு அதை நடந்து முடிக்க வேண்டும் என்று திரேசம்மா பிடித்த பிடியில் நின்றார். அவருக்கு வயது அறுபத்துமூன்று.

"அம்மா ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் நடப்பாவெண்டா நான் இடம் பதியுறன்" என்று நிரஞ்சலா சொன்னாள். "ஜூலை முதலாந் திகதி வரைக்கும்தான் கட்டில் பிடிச்சு வச்சிருப்பாங்க. உங்கட நேரம் பின்னேரம் ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரியோணும். அம்மா சொன்னா நம்ப மாட்டன். அத்தான் கூட நடந்து பாத்துச் சொல்லட்டும். அத்தான் பொய் சொல்ல மாட்டார்."

உதயன் மூத்த மகள் சுதாஜினியின் கணவன். சுதாஜினி இறந்து பதினாலு மாதம். அவனுக்கு வயது முப்பத்துநாலு. நகரின் மறுகோடியில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டறை வீடு. வேலைக்குப் போனான், வந்தான். தமிழ் வீடு எதற்கும் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றான். மாமி மட்டும் சனிக்கிழமைகளில் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்து போவார். அவர் எந்த வழியாக வருகிறார் என்றுகூட அவன் கேட்டதில்லை.

மாமியின் வீட்டிலிருந்து அவன் வீடு சரியாகப் பதினெட்டுக் கிலோமீட்டர். வேறு பாதை தேட வேண்டியிருக்கவில்லை.

ஜூலை முதலாந் திகதி காலை ஏழு மணிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மாமி வாசலில் நின்றார். பருத்திச் சேலை, வெயில் தொப்பி, தோளில் ஒரு பை. காலில் ஊதா நாடா கட்டிய ஓட்டச் சப்பாத்து. அது சுதாஜினி வாங்கியது. அந்த ஸ்பெயின் பாதையைத் தங்கையோடு நடப்பதற்காக வாங்கினாள். ஒரு தரமும் போடவில்லை.

அவன் சப்பாத்தைப் பார்த்தான். மாமி அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"அளவு சரியா?" என்றான்.

"கொஞ்சம் இறுக்கம். நடக்க நடக்க விடும்."

அவ்வளவுதான் பேச்சு. நடந்தார்கள்.

அவனுடைய கணக்கு எளிமையானது. மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனாலும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு விஷயம் அவனுக்குத் தெரியாது. போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் வைத்து மாமி இந்த நடையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியிருந்தார். நாலு பேரும் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். திங்கட்கிழமை அது நேர்த்தி நடையாகிவிட்டது. கிழக்கு மாகாணத்து ஆட்களுக்கு நேர்த்தி நடை என்றால் என்னவென்று தெரியும். கதிர்காமத்து முருகனிடம் நடந்து போகிறவர்களை வழியில் இருக்கிற வீடுகள் வெறும் வயிற்றோடு விடுவதில்லை. போகிறவர் கிறிஸ்து வேதக்காரராக இருந்தால் என்ன, போகிற இடம் ஸ்பெயினாக இருந்தால் என்ன, முறை முறைதான்.

செயின்ட்-மிஷேலில் முதல் மறிப்பு. அன்று ஊரெல்லாம் வீடு மாறுகிற நாள். நடைபாதை முழுவதும் மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும். அவற்றின் நடுவே ஒரு சோபாவில் நகுலேஸ்வரன் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சோபா அவருடையது. அவரும் அன்றைக்குத்தான் வீடு மாறுகிறார்.

"வாங்க அக்கா, இருங்க. தம்பி, நீயும் இரு. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகலாம்."

"வீடே பெட்டிக்குள்ள கிடக்கு. எங்கால தேத்தண்ணி?" என்றார் மாமி.

"கேத்தில் எந்தப் பெட்டிக்குள்ள எண்டு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியவில்லை. முதல் பெட்டியில் சாமிப்படங்கள். இரண்டாவதில் குளிர்காலச் சப்பாத்துகள். மூன்றாவதைத் திறந்ததும் அவருடைய மனைவி மேல்மாடியிலிருந்து, "நேத்து ராவு முழுக்க நான் கட்டினது, ஐயோ மனுசா" என்றார். நான்காவதில் கேத்தில் இருந்தது. வெறுமையான வீட்டில் தண்ணீர் கொதிக்க வைத்து, அளக்கிற கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. பாரவண்டிக்காரர்கள் இருவருக்கும் கிடைத்தது. அவர்களில் ஒருவன், எதற்காக நடக்கிறார் என்று கேட்டறிந்துவிட்டு, மாமியைப் பார்த்து "போன் கூராஜ், மதாம்" என்றான். தைரியமாகப் போய் வாருங்கள் என்று அர்த்தம். மாமி "மெர்சி, மனே" என்றார். பாதி பிரெஞ்சு நன்றி, பாதி மட்டக்களப்பு மகனே.

புறப்படும்போது நகுலேஸ்வரன் வேண்டுதல் எழுதி மடித்த கடதாசி ஒன்றைப் பைக்குள் போட்டார். "புது வீட்டில மூட்டைப்பூச்சி வரக்கூடாது. யாகப்பருக்கு வைங்க."

உதயன் மணியைப் பார்த்தான். ஒன்றேகால் மணித்தியாலம் அந்தச் சோபாவில் போயிருந்தது.

"மாமி, இப்பிடிப் போனா ஆறு மணிக்குப் போய்ச் சேர மாட்டம்."

"எனக்கும் தெரியுது. அதுக்காகக் கூப்பிடுற வீட்டைத் தாண்டிப் போறதா?"

பார்க் எக்ஸ்டென்ஷன் வருவதற்குள் ஐந்து தேத்தண்ணி ஆயிற்று. சந்துகளுக்குள் போய்த் திரும்பி வந்ததும் நடையில் சேர்ந்தது. ஒரு வீட்டில் மகளுடைய பிரெஞ்சுப் பரீட்சைக்கு ஒரு கடதாசி. இன்னொன்றில் கலியாணம் கட்டாமல் நிற்கிற மகனுக்கு இரண்டு கடதாசிகள், தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, ஒருவருக்கொருவர் காட்டாமல். ஒரு வீட்டில் முழுத் தேங்காய். அதை விமானத்தில் எப்படிக் கொண்டு போவது என்று உதயன் கேட்டான். "அது யாகப்பரும் நீங்களும் பாத்துக்கொள்ளுங்க" என்று பதில் வந்தது.

அவன் ஒன்றைக் கவனித்தான். யாரும் சுதாஜினியைப் பற்றிப் பேசவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து அவனைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. ஸ்பெயினில் சோறு கிடைக்குமா, அங்கே வெயில் எப்படி, பேய்க்கணவாய் உண்மையா, தேங்காய் உடையாமல் போகுமா என்றே எல்லாரும் கேட்டார்கள். பதினாலு மாதமாகப் பயந்த வீடுகள் இவைதானா என்று அவனுக்கு இருந்தது.

மனோகரியின் வீட்டு இரும்புப் படிக்கட்டின் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. மனோகரி திருகோணமலைக்காரர். இளவயதில் இரண்டு தரம் கதிர்காமத்துக்கு நடந்தவர்.

"நில்லுங்க சாமி" என்றார்.

"மனோகரி, நான் வேதக்காரி கா."

"நடக்கிற ஆள் எல்லாம் சாமிதான். சப்பாத்தைக் கழட்டுங்க."

மாமியின் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். மாமி வெட்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனோகரி உதயனைப் பார்த்தார்.

"நான் சும்மா கூட வந்தனான்" என்றான்.

"கூட வந்த சாமியும் கழட்டும்."

கழற்றினான். வலது குதிக்காலில் பெரிய கொப்புளம் உடைந்து, காலுறை ஒட்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் பட்டதும் எரிந்தது.

"ஆ" என்றான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"தெரியாது."

"தோல் உரிஞ்சு கிடக்கு, தெரியாதாம். சரியான மரக்கட்டை." மனோகரி இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். திரும்பவும் எரிந்தது. மாமி முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார். உதயனுக்கும் சிரிப்பு வந்தது. எங்கே இருந்து வந்தது என்று அவன் தேடவில்லை.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டான். குழம்பில் புளி கொஞ்சம் கூட என்று நினைத்தான். புளி கூட என்று தெரிந்ததே எத்தனை நாளைக்குப் பிறகு. ஆறாவது தேத்தண்ணியும் ஆயிற்று.

படியிறங்கும்போது மாமி பையைத் தூக்க முடியாமல் தோள் சரிந்தார். தேங்காயும் கடதாசிகளும் மனோகரி கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலமும் உள்ளே. உதயன் பையை வாங்கித் தன் தோளில் போட்டான்.

மேலே நின்ற மனோகரி கையைத் தட்டினார். "ஆ, ஏத்திட்டீர். நேர்த்திப் பை ஏத்தின தோள்தான் இறக்கோணும். கை மாறக்கூடாது."

"என்ர வீடு வரைக்கும்தானே அக்கா?"

"யாகப்பர் வரைக்கும்."

"நான் ஸ்பெயின் போகேல்ல."

"அப்ப ஏன் ஏத்தினீர்?"

அவன் மாமியைப் பார்த்தான். மாமி பைக்குக் கை நீட்டவில்லை. "அவ முறை தெரிஞ்சவ, மகன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றரை மணி. கோட்-தெ-நேஜ் ஏற்றத்தில் மாமி அவனுக்கு முன்னால் போனார். ஊதா நாடாச் சப்பாத்து ஏறுவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டு வந்தான். அவன்தான் நொண்டினான். அந்தப் பக்கத்தில் இரண்டு வீடுகள் மறித்தன. மாமி படியில் நின்றபடியே குடித்தார். எட்டாயிற்று.

ஐந்து ஐம்பது. ஷேர்புரூக் தெரு. இன்னும் எழுநூறு மீற்றர். முதல் மாடிப் பல்கனியிலிருந்து அருமைராசா கூப்பிட்டார். மாமியின் ஒன்றுவிட்ட தம்பி.

"அக்கா, ஏறுங்க. ரின்பால் விட்டுத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கன்."

மாமி நின்றார். அண்ணாந்து தம்பியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். உதயனைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உதயன் பைப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தான். சாட்சி பேசக் கூடாது.

"மறுகா ஒரு நாளைக்கு வாறன்டா" என்றார் மாமி. நடந்தார்.

அருமைராசா பல்கனியில் வாயைத் திறந்தபடி நின்றார். அரை நிமிடத்தில் கதவு அடிபட்டது. ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் கடதாசிக் கோப்பைகள், வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். "நடவுங்க, நடவுங்க, நான் நிப்பாட்டேல்ல" என்று பக்கத்தில் நடந்தபடியே ஊற்றினார். பாதி தெருவில் சிந்தியது. மாமி நடந்தபடியே குடித்தார். ஒன்பது.

ஐந்து ஐம்பத்தெட்டு. சிவப்பு விளக்கில் மறிபட்டார்கள். வீடு இன்னும் மூன்று நிமிடம். விளக்கு மாறவில்லை. மாமி ஓட்டக்காரர் மாதிரி அந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். கோப்பை கையில், தொப்பி பின்னந்தலையில், சப்பாத்தில் ஊர்ப்புழுதி முழுவதும்.

உதயன் தொலைபேசியை எடுத்தான். அது இருபத்தைந்து கிலோமீட்டர் என்று காட்டியது. அவன் எழுதினான்: "வந்து சேந்திட்டா."

உடனே பதில் வந்தது. லூகோவில் அவள் சாப்பிட்டு முடித்து முழித்திருந்தாள். "அத்தான் சொன்னாச் சரி. ரெண்டு கட்டில்தானே?"

பை தோளை அறுத்தது. குதிக்கால் எரிந்தது. இரண்டும் நன்றாகத் தெரிந்தன.

"மூண்டு" என்று எழுதினான்.

விளக்குப் பச்சையானது. மாமி பாதையின் நடுவில் போய்விட்டார்.

ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு அவன் வீட்டு வாசல்படியில் மூவரும் உட்கார்ந்தார்கள். மாமி அவன் கையிலிருந்த மணிக்கூட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"பிந்திட்டன்."

"இல்ல மாமி. நேரத்துக்கு வந்திட்டீங்க. சொல்லியாச்சு."

மாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"மாமி, மனோகரியக்கா சொன்னாவெல்லோ, பை கை மாறக்கூடாதெண்டு. அப்பிடி ஒரு முறை உண்மையா இருக்கா?"

"எனக்கென்ன தெரியும் மகன்? நாங்க வேதக்காரர்."

அருமைராசா பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தார். "அப்பிடி ஒரு முறையும் இல்ல. என்ர மனுசி கதிர்காமம் நடந்தவ. பை பத்துக் கை மாறும்."

மாமி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். தோள் குலுங்கியது. உதயன் தேங்காயை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மட்டையில்லாத தேங்காய். விமானத்தில் விடுவார்களா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

"தேத்தண்ணி போடட்டா?" என்றார் மாமி.

"போடுங்க" என்றான் உதயன். "சீனி கொஞ்சம் கூட."