மூடி விலையில் குக்கர்

பிலிப்பைன்ஸில் கெசோன் சிட்டியில் இருக்கும் அந்த ரைஸ் குக்கர் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. குக்கரை 2,499 பெசோவுக்குக் கீழே எந்தக் கடையும் விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் சரக்கு கிடையாது.

கம்பெனியின் சொந்த இணையக் கடையில் அந்த விலையைக் காப்பது ஹெர்மினியாவின் வேலை. எந்த விற்பனைப் பக்கமும் வெளியே போகுமுன், தான் எழுதி வைத்த நான்கு கேள்விகளோடு அவள் பார்ப்பாள். மாடல் எண் சரியா, படத்தில் இருப்பதெல்லாம் பெட்டியில் இருக்கிறதா, உதிரிப் பாகத்துக்குத் தனிப் பக்கமா, விலையில் ஒரு சைபர் தொலைந்ததா. ஏழு வருஷமாக ஒரு பிழையும் வெளியே போகாததால், இப்படியொரு வேலை இருப்பதே ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதிதாக வந்த விற்பனைத் தலைவர் பலூயோட் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன மேடம், டோல்கேட் போட்டு உக்காந்திருக்கீங்க?"

"பத்து நிமிஷம்தான் சார் ஆகும்."

"பத்து நிமிஷத்துல அடுத்தவன் பத்து குக்கர் வித்துடுவான்!"

சோதனை ரத்தானது. அதற்குப் பதில் ஒரு மென்பொருள் வந்தது. குறைந்த விலை எங்கே கண்ணில் பட்டாலும் பலூயோட் கையெழுத்தோடு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். ஒரு மணி நேரத்தில் விலை ஏறாவிட்டால் சரக்கை நிறுத்தும்.

முதலில் சிக்கியவர் இலோய்லோவில் சின்னக் கடை வைத்திருக்கும் தெயோதோரா. 2,450 என்று போட்டிருந்தார், அவருக்குச் சரக்கு நின்றது. ஹெர்மினியாவுக்குப் போன் வந்தது.

"ஏம்மா, நாப்பத்தொம்பது பெசோவுக்கா என் கடை வயித்துல அடிக்கிறீங்க? அதுக்கு ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸ் கூட வராதே!"

ஹெர்மினியா பலூயோட்டிடம் போய்ச் சொன்னாள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சம்பள நாள் தள்ளுபடி விற்பனை வந்தது. பக்கத்தைப் பலூயோட் தானே ஏற்றினார். குக்கருக்கான பக்கத்திலேயே உதிரிக் கண்ணாடி மூடியையும் சேர்த்துவிட்டார். மூடியின் விலை 249. விற்பனைத் தளம் எப்போதும் இருப்பதிலேயே குறைந்த விலையைத்தான் மேலே காட்டும். பளபளக்கும் குக்கர் படம், அதன் கீழே 249 பெசோ.

மதியம் கேன்டீன் சமையல்காரம்மா ஹெர்மினியாவின் தட்டில் கோழித்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தார். "மகராசியா இருக்கணும் உங்க கம்பெனி! எனக்கொண்ணு, என் தங்கச்சிக்கொண்ணு ஆர்டர் போட்டுட்டேன்."

ஹெர்மினியா தட்டை வைத்துவிட்டு ஓடினாள். ஆயிரத்து முந்நூறு பேர் குக்கர் என்று நம்பி மூடிக்குப் பணம் கட்டியிருந்தார்கள். பக்கத்தை இறக்கிவிட்டு, மூடிகளை அனுப்ப வேண்டாம் என்று கிடங்குக்குப் போன் போட்டால், அங்கே ஏற்கெனவே சரக்கு நின்றிருந்தது.

"நம்ம கடைக்கே சரக்கு தரக் கூடாதாம் மேடம். காலையில சிஸ்டம் எச்சரிக்கை அனுப்பிச்சு, அடுத்த மணிநேரம் தடை. பலூயோட் சார் கையெழுத்து இருக்கு" என்றார் கிடங்குக்காரர்.

முதலாளியம்மா கோன்சுவேலோ இருவரையும் கூப்பிட்டார்.

"நம்ம சிஸ்டம் பிரமாதம் மேடம்! தப்பை ஒரு மணி நேரத்துல புடிச்சிருச்சு" என்றார் பலூயோட்.

"புடிச்சது யாரை?"



பணம் கட்டிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினார்கள். "நம்ம கடைத் தடையை நீக்கும்போது இலோய்லோ கடைக்கும் சேர்த்து நீக்கிடுங்க மேடம். அவங்க குறைச்சது வெறும் நாப்பத்தொம்பது" என்றாள் ஹெர்மினியா. முதலாளியம்மா அங்கேயே கையெழுத்திட்டார். குக்கர் கிடைக்காத சமையல்காரம்மா மட்டும் ஒரு மாதம் ஹெர்மினியாவுக்கு வெறும் குழம்பையே ஊற்றினார்.

சோதனை திரும்பி வந்தது. 'பலூயோட்டின் நான்கு கேள்விகள்' என்று லிஃப்ட் பக்கத்தில் பெரிதாக அச்சடித்து ஒட்டினார்கள். ஹெர்மினியா அதைப் படித்தாள். ஒரு வார்த்தை மாறாமல் அவள் எழுதி வைத்திருந்ததுதான்.

மறுநாள் பலூயோட் ஒரு பக்கத்தோடு அவள் மேஜைக்கு வந்தார். "கொஞ்சம் சீக்கிரம் மேடம்."

அவள் நிதானமாகப் பார்த்தாள். "படத்துல ரெண்டு கரண்டி. பெட்டியில ஒண்ணுதான். திருத்திட்டு வாங்க சார்."