சூடம் அடிக்காத சாட்சிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் நகர் நலச் சங்க அறையில் இருந்தவர்கள்: சங்கத் தலைவர் ஆதிமூலம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வீட்டுக்காரர் சகாதேவன். வீடு கேட்ட ஜுபைர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி மெஹ்விஷ். லோடு ஆட்டோ ஓட்டும் நசீருதீன் பாய். என் அக்கா வேதா. லாட்ஜில் இரவு வேலை முடித்து, தூங்காமல் வந்த நான், கலையரசன்.

விஷயம் சின்னது. வேங்கிக்காலில் சகாதேவன் வீட்டின் கீழ்ப் பகுதியில் அக்காவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். மாடி காலியாக இருந்தது. அக்காவும் மெஹ்விஷும் ஒரே மெடிக்கலில் பில் போடுகிறார்கள், மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள். ஜுபைர் குடியிருக்கும் வீட்டை மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். பதினோரு இடத்தில் வீடு கேட்டு, பெயரைச் சொன்னதும் பதினோரு இடத்திலும் இல்லை என்றாகிவிட்டது. அக்காதான் சகாதேவனிடம் பேசினாள். "என் ஃபிரெண்டு வீட்டுக்காரங்க சார், ரெண்டே பேர்தான்." அவர் பெயர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நல்ல நாள் பார்த்து பால் காய்ச்சச் சொன்னார்.

அன்று நசீருதீன் பாயின் ஆட்டோவிலிருந்து புர்காவோடு மெஹ்விஷ் இறங்கினாள். கையில் பால் பாத்திரம். சகாதேவன் கேட்டிலேயே கையை நீட்டி மறித்தார். "முஸ்லிமுக்கு நான் வீடு விடறதில்லம்மா. முன்னாடியே சொல்ல வேணாமா? வாஸ்து பாத்துக் கட்டின வீடு." அவர் சொன்னதை ஆட்டோவில் இருந்த பாய் கேட்டார். நான் கேட்டேன். மெஹ்விஷ் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டிருந்த அக்காவும் கேட்டாள்.

ஜுபைர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். அதன் பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டது. சகாதேவன் மதம் பார்த்து மறுத்தது உண்மையானால் மாடியை ஜுபைருக்கே விடச் சொல்வதாகவும், இல்லையென்றால் ஜுபைர் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றும் ஆதிமூலம் சொன்னார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"நான் மதம்னு ஒரு வார்த்த பேசல" என்றார் சகாதேவன். "என் பையன் பெங்களூர்லேந்து வர்றான். அவனுக்கு வேணும்னேன்."

"சாட்சி மூணு பேர் இருக்காங்க சார்" என்றான் ஜுபைர்.

ஆதிமூலம் ஜன்னலைத் திறந்தார். கிரிவலம் வருகிற மலை தெரிந்தது. தட்டில் ஒரு கட்டி சூடத்தை வைத்தார். "நம்ம ஊர்ல மலையப் பாத்து சூடம் அடிச்சிட்டு எவனும் பொய் சொல்ல மாட்டான். சொல்றத சொல்லிட்டு, உள்ளங்கையால அணைக்கணும். பாய், மொதல்ல நீங்க."

"எங்க மார்க்கத்துல அது கூடாதுங்க. நான் குர்ஆன் மேல கை வெச்சு சொல்றேன்."

"அது உங்களுக்குள்ள. அஞ்சு வேளை தொழுவீங்களா?"

"நாலு வேளை ஆகும். சவாரி இருந்தா மூணு."

"உங்க ஆளுக்கு எதிரா நீங்க சொல்லப்போறதில்ல. உக்காருங்க."

பாய் உட்கார்ந்தார். அடுத்து நான்.

"கிரிவலம் போவியா தம்பி?"

"பௌர்ணமிக்கு லாட்ஜ்ல ரூம் ஃபுல் சார். டபுள் டூட்டி."

சகாதேவன் சிரித்தார். "இன்ஜினியரிங்க பாதில விட்டவன் சார். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து, பகல்ல தூங்கற ஆளு."

"சாமி இருக்குன்னு நம்பறியா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"இல்ல சார். ஆனா அவர் சொன்னத நான் கேட்டேன். சூடம் வேணா அடிக்கிறேன்."

"நம்பாதவன் அடிச்சா அது வெறும் நெருப்பு. உக்காரு."

ஜுபைர் என் பக்கம் குனிந்தான். "ஆமான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடா. ஒரு வார்த்த."

அவன் சொன்னது சரி. எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவனுக்கு வீடு தேவை, என் கொள்கை தேவையில்லை.

இனி அக்கா மட்டும்தான். மாதம் தவறாமல் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவள். அவளிடம் ஆதிமூலம் எதுவும் கேட்கவில்லை. சூடத்தைக் கொளுத்தினார். மெஹ்விஷ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அக்கா மலையைப் பார்த்துச் சொன்னாள்: "பையனுக்கு வேணும்னுதான் சார் சொன்னாரு. வேற எதுவும் சொல்லல." உள்ளங்கையைத் தட்டில் அடித்தாள். சுடர் போயிற்று.

"வேதாக்கா" என்றாள் மெஹ்விஷ். "பாத்திரத்த நீங்கதானக்கா என் கையிலேந்து வாங்குனீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

ஆதிமூலம் நோட்டில் எழுதினார். மனுவை வாபஸ் வாங்கும் கடிதம் முன்பே டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேச்சு மாறாமல் ஜுபைர் கையெழுத்துப் போட்டான். மெஹ்விஷ் அழவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் பை வாசலில் இருந்தது. துணிகளை அக்கா மடித்தே வைத்திருந்தாள்.

"சாட்சி சொல்ல எழுந்தா நீ இங்க இருக்கக் கூடாதுன்னு வீட்டுக்கார சார் சொல்லிட்டாருடா. நான் மாத்திச் சொன்னாதான் நானாவது இருக்கலாம்."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து சாயங்காலம்."

"காலைல மெஹ்விஷ்கிட்ட போன்ல, தைரியமா வா, நான் இருக்கேன்னியே?"

"வேற என்னாத்த சொல்றது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இட்லிக்கு மாவு இல்லை என்பதுபோல.

"கை சுட்டுதா?"

"சட்டுனு அடிச்சா சுடாது." உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். "தனியா ஒரு பொம்பளைக்கு இந்த ஊர்ல எவன்டா வீடு தருவான்? நீ லாட்ஜ்லயே படுத்துக்குவ."

பையை எடுத்துக்கொண்டேன். சகாதேவன் மாடிப்படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் செருப்பு மாட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"மெஹ்விஷ் நாளைக்கு மெடிக்கலுக்கு வருவாளாடா?" என்றாள் அக்கா.

நான் கேட்டைத் தாண்டினேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.