ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்

அப்டேட் மறுபடியும் அதே இடத்தில் முரண்டு பிடித்தது. திரையில் வந்த பிழைச் செய்தியைப் படித்துவிட்டு அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் எல்லோருக்கும் வாத்தியார், கட்டிக்கொண்டவளுக்கும் வாத்தியார்தான். அவரோ ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்தபிறகு அவர் பேச்செல்லாம் இந்த லேப்டாப் வழியாகத்தான். அவர் தட்டச்சு செய்ய, அது ரயில் நிலைய அறிவிப்புப் போல வாசிக்கும். அறுவைக்கு முன் பதிந்து வைத்த அவருடைய சொந்தக் குரலிலேயே பேசவைக்கும் மென்பொருள் இப்போது வந்திருந்தது. ஆனால் லேப்டாப்பை இயக்கும் லினக்ஸைப் புதுப்பித்தால்தான் அது ஓடும்.

"லேப்டாப் எழுந்திருக்கிறதுக்கான பூட் பகுதிய எதுல ஃபார்மட் பண்ணீங்க?"

"ஃபேட்," என்றது லேப்டாப். "விண்டோஸ்லயும் தொறக்கட்டும்னு."

"விண்டோஸ் எங்க இருக்கு இந்த வீட்ல?"

வாத்தியார் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் நாள் முழுக்கக் கணினிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. புதிய கோப்பை வைக்குமுன் அப்டேட் பழையதற்கு இன்னொரு பெயரும் கொடுத்துப் பத்திரப்படுத்தும். ஏதாவது கெட்டால் திரும்பி வர வேண்டுமே. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் என்றால் ஃபேட் என்கிற பழைய கோப்பு முறைக்கு ஆகாது. அந்தப் பகுதியை அழித்து, அதற்கு இடம்கொடுக்கும் எக்ஸ்ட்-ஃபோர் முறைக்கு மாற்ற வேண்டும். கை தவறினால் லேப்டாப் எழாது. இருக்கிற குரலும் போய்விடும்.

"தப்பாப் போச்சுன்னா கொஞ்ச நாளைக்கு என் பேச்ச மட்டுந்தான் கேக்கணும் நீங்க."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவள் சிரித்துவிட்டாள். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்தாள், பகுதியை அழித்தாள், திரும்ப நிரப்பினாள், அதன் புதிய அடையாள எண்ணைக் கணினிக்கு எழுதிக் காட்டினாள். மறுதொடக்கம் கொடுத்ததும் திரை கறுத்தது. கறுப்பு நீண்டுகொண்டே போனது. சொல்ல வழியற்ற வாத்தியார் அவள் முதுகில் கையை வைத்தார்.

திரை எழுந்தது. அப்டேட் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடந்து போனது.

புதிய மென்பொருளில் அவர் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"சாப்டியா?"

அவர் குரலேதான். ஆனால் மூக்கடைத்த குரல். பதிவு செய்த வாரம் முழுக்க அவருக்குச் சளி. இருவருக்கும் அது மறந்தே போயிருந்தது. இனி ஆயுசுக்கும் சளியோடுதான் பேசப்போகிறார்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். எதற்கென்று தெரியாமல், கையில் மூடியோடு, ஆவி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது.