முனையில் அணைக்கிற வண்டி

நாலு பேர் சேர்ந்து பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். மதிவாணனின் பைக் கொஞ்சம் ஆடியது, நகரவில்லை. ஹேண்டில் லாக் போட்டிருந்தது. ராயப்பேட்டையில் அந்தச் சந்துக்குள் எதிரே ஒரு மாடு வந்தாலே மனுஷன் பின்னோக்கி நடக்க வேண்டும். பைக்கை எடுக்காமல் பாடை எப்படிப் போகும்?

"சாவி எங்க வச்சான்னே தெரில," என்றார் அவன் அண்ணன் மண்ணாங்கட்டி. "லாக்க ஒடச்சிடலாம். சுடுகாட்டு வண்டி மெயின் ரோட்ல நின்னுக்கினு கீது."

சாவி அன்புக்கரசியின் கைக்குள் இருந்தது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. ரேஸ் பைக்கை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது புருஷன் மதிவாணன் கொடுத்துவிட்டுப் போன, இந்த பைக்கின் சாவி. டிராக் ரேஸ் என்றால் என்ன, நேர் ரோட்டில் ரெண்டு வண்டி சில விநாடி பறப்பதுதான். அந்தச் சில விநாடிக்குள் என்ஜின் வெடித்துச் சிதறி, ஒரு இரும்புத் துண்டு மதிவாணனின் கழுத்தில் பாய்ந்துவிட்டது. அவன் கையாலேயே பூட்டிய என்ஜின். பாழாய்ப்போன என்ஜின்.

அவளுக்கு அவன் வேண்டும். அவன் வீட்டுக்கு வர வேண்டும், வழக்கம்போல.

மெக்கானிக் ஷெட்டை மூடிவிட்டு வருகிறவன் தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிடுவான். சத்தம் கேட்டால் மாடி வீட்டு அமீனாவுக்குப் படபடப்பு வருமாம். ஊரையே அலற வைக்கிறவனுக்கு அப்படியொரு கரிசனம். அப்புறம் சத்தமில்லாமல் உருண்டு வருவான். முனையில் சத்தம் நின்றதும் இவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவாள். அவன் தட்டி அவள் கதவைத் திறந்ததே கிடையாது.

வெளியே யாரோ சுத்தியல் கேட்டார்கள். அன்புக்கரசி எழுந்து வாசலுக்குப் போனாள். ஷெட்டில் அவனோடு கூட்டாக இருந்த ஷரஃபுதீன் சுவரோரம் நின்றிருந்தார்.

"பாய், நீங்க எடுங்க." சாவியை நீட்டினாள்.

"தள்ளிக்கினு போய் வெளிய வுட்டுர்றேம்மா."

"வாணாம். ஸ்டார்ட் பண்ணுங்க. மெயின் ரோடு வரிக்கும் போய்ட்டு, திரும்பி வூட்டுக்கு வாங்க. ஒரே ஒரு வாட்டி. அப்பறம் எங்கன்னா நிறுத்திக்கோங்க."

"இன்னாம்மா இது, நேரங்காலம் தெரியாம," என்றார் மண்ணாங்கட்டி.

உள்ளே ஐஸ் பெட்டியின் மேல் தலைசாய்த்துக் கிடந்த மாமியார் சொர்ணம் முகத்தைத் தூக்காமலே சொன்னாள்: "வுடுடா. அவ கேக்கறத செய்யட்டும்."

முதல் உதையிலேயே பைக் கிளம்பியது. ஜனங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். சத்தம் முனையைத் தாண்டி, மெயின் ரோட்டு இரைச்சலில் கலந்து மறைந்தது. அன்புக்கரசி உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

தூரத்தில் சத்தம் திரும்பியது. அதே வண்டி, அதே உறுமல். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. முனை வந்துவிட்டது. இப்போது அணைப்பான்.

அணையவில்லை. உறுமிக்கொண்டே வாசல்வரைக்கும் வந்து நின்றது. பாவம், ஷரஃபுதீனுக்கு என்ன தெரியும்.

தாழ்ப்பாளில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. வெளியிலிருந்து அவர் கதவைத் தட்டினார்.